பதினான்காம் குடுவைக்கு ஒரு பூசை

அக்டோபர் 7, திங்கள்

என் ஆய்வு நெறியாளர் எப்சிபா மேடம் இன்று என் ஆய்வுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் ஒரு பக்கத்தில் பாதியை அடித்துத் தள்ளினார். அடிபட்ட வரிகள்: "டீ ஆறிப்போய் வந்தது." "விடுதியில் மறுபடியும் உருளைக்கிழங்கு." "ஷேக்கர் போடும் சத்தம் பஸ் ஸ்டாண்ட் மைக்கை விட மோசம்."

"பதிவேட்டுல எண்ணு மட்டுந்தான் வரணும் செண்பகம். ஒன் வயித்தெரிச்சல எழுத வேற நோட்டு வாங்கிக்கோ" என்றார்.

வாங்கிவிட்டேன். இருநூறு பக்கம், அட்டையில் மயில். யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும் முறைப்படி தொடங்குகிறேன். பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டி. வயது முப்பத்திரண்டு. எடை 71 கிலோ. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஏழு வருடமாக ஈஸ்டுக்குக் கொழுப்பு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டில்லை, அதுதான் ஆராய்ச்சி. ரோஸ் மில்க் நிறத்தில் ஒரு ஈஸ்ட். அதற்கு வயிறு முட்டச் சர்க்கரை கொடுத்து, நைட்ரஜனை மட்டும் பட்டினி போட வேண்டும். நைட்ரஜன் இல்லாமல் அதனால் பெருக முடியாது. தின்ற சர்க்கரையை எல்லாம் எண்ணெயாக மாற்றி உடம்புக்குள்ளேயே பதுக்கும். அந்த எண்ணெயை எடுத்து வண்டி ஓட்டலாம் என்று கட்டுரைகள் சொல்கின்றன. என் ஈஸ்ட் தன் எடையில் நூற்றுக்கு முப்பத்தொரு பங்குக்கு மேல் எண்ணெய் வைக்க மாட்டேன் என்று ஏழு வருடமாக அடம்பிடிக்கிறது. ஐம்பதைத் தாண்டினால்தான் ஆய்வேடு. டிசம்பர் 31 அன்று என் முனைவர் பட்டப் பதிவு காலாவதி. நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்புக்கும் நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனிமேல் கிடையாது. அன்றைக்குள் கொடுக்காவிட்டால் ஏழு வருடமும் ஸ்வாகா.

அக்டோபர் 8, செவ்வாய்

காலை ஒன்பதரைக்குப் பதினாறு குடுவைகளில் ஈஸ்ட் விட்டு, ராப்பகலாக ஆட்டும் ஷேக்கர் எந்திரத்தில் ஏற்றினேன். ஒவ்வொன்றிலும் சர்க்கரை, நைட்ரஜன், புளிப்பு எல்லாம் வேறு வேறு அளவு. ஆறு நாள் ஆட வேண்டும். விடுதியில் மதியம் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், ஜவ்வரிசிப் பாயசம். முட்டையை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. ஏன் என்று கேட்டால் வார்டன் முறைக்கிறார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. எங்கள் ஆய்வக உதவியாளர் மாசானமுத்து அண்ணாச்சிக்கு வருடத்தில் இந்த ஒரு நாள்தான் தன் நாள். இருபத்தேழு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருக்கிறார். மற்ற நாட்களில் நாங்கள் சொன்னதை அவர் செய்வார். இன்று அவர் சொன்னதை நாங்கள் செய்ய வேண்டும். எல்லா எந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம். சென்ட்ரிபியூஜுக்கு ஒரு வாழைப்பழம். ஆட்டோகிளேவ் தலையில் ஒரு படி பொரி.

ஷேக்கரையும் நிறுத்தி ஓய்வு கொடுக்கச் சொன்னார். சண்டை போட்டேன். "ஈஸ்ட் செத்துரும் அண்ணாச்சி."

"மனுசனுக்கே ஒரு நாள் லீவு உண்டு டாக்டரம்மா. அரை மணி நேரம் நிக்கட்டும்."

இவர் என்னை முதல் வருடத்திலிருந்தே டாக்டரம்மா என்கிறார். "இன்னும் ஆகலை அண்ணாச்சி" என்று நானும் ஏழு வருடமாகச் சொல்கிறேன். கடைசியில் அரை மணிக்கு ஒப்புக்கொண்டேன். பத்தரைக்கு ராகு காலம் என்று ஒன்பதே காலுக்கே மணியடித்துக் கற்பூரம் காட்டினார். புகை தாங்காமல் நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். மேடம் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்தார். அது தினமும் நடப்பது. பிறகு வாசலில் பூசணிக்காய் உடைத்தோம்.

பிரசாதம் சுண்டல், பொரி, கல்கண்டு. காலையிலேயே பொட்டலத்தில் நெல்லிக்காய் அளவில் இரண்டு கல்கண்டைப் பார்த்து வைத்திருந்தேன். எனக்கு வரும்போது பொடிதான் மிச்சம். எந்த மகராசன் தின்றானோ.

அக்டோபர் 12, சனி

ஷேக்கர் பக்கம் எறும்பு. எல்லாம் அந்தப் பொரியால் வந்த வினை. வரிசையாக ஏறி, பதினான்காம் குடுவையின் பஞ்சு மூடியைச் சுற்றி மட்டும் ஒரு மாநாடு நடத்துகின்றன. துடைத்தேன். பதிவேட்டில் எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். எறும்பு எண் அல்ல.

அக்டோபர் 16, புதன்

குளோரோஃபார்ம் ஊற்றி எண்ணெயைப் பிரித்தேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டும், அது இந்த வேலையின் குணம்.

பதினைந்து குடுவைகளில் முப்பதுக்குப் பக்கத்தில். பதினான்காம் குடுவையில் 61.

மூன்று முறை எடை போட்டேன். 61. தராசைத் துடைத்துவிட்டுப் போட்டேன். 61. மேடம் வந்து தன் கையால் போட்டார். 61. சிரித்தார். ஏழு வருடத்தில் அவர் பல்லை இரண்டாவது முறையாகப் பார்க்கிறேன்.

"சரி. இன்னும் மூணு தடவ இதே மாதிரி எடுத்துக் காமி. எழுத ஆரம்பிச்சிரலாம்."

அக்டோபர் 28, திங்கள்

அதே பதினான்காம் குடுவை, அதே அளவு, அதே எல்லாம். 33. கண்ணில் குளோரோஃபார்ம் பட்டுவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஊருக்குப் போகவில்லை. போனால் "எப்பம்மா முடியும்" என்று தெருவே கேட்கும். விடுதியில் நானும் வாட்ச்மேனும்தான். அம்மா அனுப்பிய அதிரசம் பன்னிரண்டையும் நானே தின்றேன். அறையில் குளோரோஃபார்ம் வாடை, உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சாயங்காலம் வரை கண் எரிச்சல்.

நவம்பர் 4, திங்கள்

இரண்டாவது முறையும் 32. மேடம் என்னை உட்கார வைத்தார்.

"அந்த வாரம் என்ன வித்தியாசம்? யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். மருந்து அதே பாட்டில். தண்ணீர் அதே தண்ணீர். ஈஸ்ட் அதே ஈஸ்ட்.

"பூசை மட்டுந்தான் மேடம்."

சொன்னதும் நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கத்துவார் என்று பார்த்தால், வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டார். "பூசைல என்னென்ன நடந்துச்சு, ஒண்ணொண்ணா சொல்லு."

"ஷேக்கர் அரை மணி நேரம் நின்னுச்சு. சந்தனம். குங்குமம். மணி. கற்பூரம். பூசணிக்காய்."

"ஆறு காரணி. எல்லாத்தையும் சேத்துப் போட்டா அறுபத்திநாலு குடுவை வேணும். புள்ளியியல்படி பதினாறுல முடிச்சிரலாம்."

"மேடம், நிஜமாவா? அப்ப மீதிக் குடுவைகளுக்கும் பூசை நடந்துச்சே, அதுக எல்லாம் ஏன் முப்பதுலயே நிக்குது?"

"பதினாலோட அளவும் பூசையும் சேந்தாத்தான் வேலை செய்யுதோ என்னவோ. எனக்கு நம்பிக்கை இருக்கா இல்லியாங்குறது கேள்வியில்ல. கற்பூரப் புகை பட்டுருக்கலாம். காத்து கொறஞ்சிருக்கலாம். மாறுனத சோதிக்கணும்."

"உங்க ஜெபம் மேடம்?"

"அது தெனமும் நடக்கு. மாறிலி" என்றார்.

கணினி தந்த அட்டவணை இப்போது என் மேசையில் இருக்கிறது. 'குடுவை 5: அரை மணி ஓய்வு உண்டு, சந்தனம் உண்டு, குங்குமம் இல்லை, மணி உண்டு, கற்பூரம் இல்லை, பூசணி உண்டு.' பெரிய அறிவியல்தான்.

நவம்பர் 5, செவ்வாய்

ஒன்பதரைக்குப் பதினாறு குடுவைகளை ஏற்றினேன். எல்லாமே பதினான்காம் நம்பர் அளவு. பூசை கைவேலை, கண்டது உள்ளே விழுந்தால் மொத்தமும் கெட்டுவிடும். ஆகையால் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு எழுதி, மேடத்திடம் கையெழுத்து வாங்கி, ஷேக்கருக்கு மேலே ஒட்டினேன். "குடுவைக்குள் வெளிப்பொருள் எதுவும் விழக் கூடாது. விழுந்தால் அதற்குக் காரணமானவருக்கு அன்றோடு வேலை இல்லை."

மாசானமுத்து அண்ணாச்சி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி படித்தார்.

"டாக்டரம்மா, இது இனிமே விழுறதுக்கா, இல்ல முன்ன விழுந்ததுக்கும் சேத்தா?"

"எல்லாத்துக்கும் சேத்துத்தான் அண்ணாச்சி" என்றேன். எனக்குத் தலைக்கு மேல் வேலை. அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 8, வெள்ளி

இன்று நடந்ததை ஏழு தலைமுறைக்குச் சொல்லலாம். சந்தனம் தலா 0.2 கிராம் எடை போட்டு வைத்தேன். குங்குமம் அதே 0.2. மணிச் சத்தம் கேட்க வேண்டிய எட்டுக் குடுவைகளை ஆய்வகத்தில் வைத்துவிட்டு, கேட்கக் கூடாத எட்டையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க வேண்டியவை மட்டும் வராந்தாவில் வரிசையாக நின்றன. மேடம் கையில் கடிகாரத்தோடு, "மணி பதினஞ்சு விநாடி. நிறுத்துங்க. இப்ப கற்பூரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேதியியல் துறையிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அண்ணாச்சி முகத்தில் மட்டும் களையே இல்லை. "என்ன அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா?" என்றேன். "ஒண்ணுமில்ல. பூசன்னா ஒரு இது வேணும். இது என்னமோ ரேசன் கடை மாதிரி இருக்கு" என்றார்.

நவம்பர் 13, புதன்

பதினாறும் 30, 31, 32. சந்தனத்துக்கு ஒன்றுமில்லை. மணிக்கு ஒன்றுமில்லை. பூசணிக்காய்க்குச் சுத்தமாக ஒன்றுமில்லை.

மேடம், "ஒருவேளை பூசை பண்ண மொறையில கொறை இருக்குமோ" என்று பொதுவாகச் சொன்னார். அண்ணாச்சி கையிலிருந்த சோதனைக் குழாய்களைக் கீழே வைத்தார்.

"மேடம், இருவத்தேழு வருசமா பண்ணுதேன். எம் பூசையில கொறை சொல்லாதிய." நான் குனிந்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இரண்டாம் சுற்றும் முடிந்தது. இந்த முறை பொரி, வாழைப்பழம் இரண்டையும் காரணிகளாகச் சேர்த்து, அவற்றைக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 31.

மேடம் சொன்னார், "டிசம்பர் பதினஞ்சுக்குள்ள வரலைன்னா விட்டுரலாம் செண்பகம். நீ வேற வேலை தேடிக்கலாம். பள்ளிக்கூடத்துல எடுப்பாங்க." சாதாரணமாகத்தான் சொன்னார், டீ ஆறிவிட்டது என்பது மாதிரி. இந்த அம்மாவுக்கு இதயமே கிடையாது.

மொட்டைமாடிக்குப் போனேன். அங்கேயும் குளோரோஃபார்ம்.

டிசம்பர் 3, செவ்வாய்

எடை எடுக்கவில்லை. சுடிதார் சொல்கிறது. அண்ணாச்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நான்கு பாக்கெட் பிஸ்கட் உறையை எண்ணிப் பார்த்தார். "டாக்டரம்மா, வெறுஞ் சக்கரையும் மாவுமா தின்னா எப்பிடி? நம்ம ஈஸ்டு மாதிரில்லா ஆயிட்டிய." கோபம் வந்தது. அதற்குப் பிறகு ஐந்தாவது பாக்கெட்டையும் பிரித்தேன்.

அவர் போகாமல் நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி ஷேக்கரைப் பார்த்தார், மேலே அறிவிப்பைப் பார்த்தார், டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 9, திங்கள்

வேலை எதுவும் ஓடவில்லை. பதிவேட்டை முதலிலிருந்து படித்தேன். எண், எண், எண். ஒரு எழவும் இல்லை. சலித்துப்போய் இந்த மயில் நோட்டைப் புரட்டினேன்.

அக்டோபர் 12. எறும்பு. பதினான்காம் குடுவையில் மட்டும்.

அதற்கு முந்தின பக்கம். நெல்லிக்காய் அளவு கல்கண்டு இரண்டு.

அப்புறம் நவம்பர் 5. "முன்ன விழுந்ததுக்கும் சேத்தா?"

எழுந்து போய், ஷேக்கருக்கு மேல் ஏறி, அந்த அறிவிப்பைக் கிழித்தேன். பசை நன்றாக ஒட்டியிருந்தது, சுவரின் சுண்ணாம்பும் கூடவே வந்தது. அண்ணாச்சி தொட்டியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். கிழித்த தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணாச்சி, இது நான் எழுதுனது. தப்பா எழுதிட்டேன். பூசை அன்னைக்குப் பதினாலுல என்ன போட்டிய?"

அவர் குழாயை மூடினார். கையைத் துண்டில் துடைத்தார்.

"ரெண்டு கல்கண்டு" என்றார்.

"ஏன்?"

"எல்லாத்துக்கும் வச்சோம். சென்ட்ரிபியூஜுக்கு வாழப்பழம், ஆட்டோகிளேவுக்குப் பொரி. ராப்பகலா ஆடிக்கிட்டே கெடக்குற உசுரு, அதுக்கு ஒண்ணுமே வைக்கலியேன்னு மனசு கேக்கல."

"பதினாறுல பதினாலுக்கு மட்டும் ஏன்?"

"அது ஓரத்துல நின்னுச்சு. பதினாறுக்கும் போடக் கல்கண்டு பத்தாது. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுத்த மாதிரிதான."

"கிருமி போயிருக்குமே அண்ணாச்சி."

"என்னைய என்னன்னு நெனச்சிய? இருவத்தேழு வருசம். பிளாஸ்க் வாயைச் சுட்டுட்டு, கல்கண்ட இடுக்கில பிடிச்சுக் கற்பூரத்துல நல்லா காட்டிட்டுத்தான் போட்டேன்." கொஞ்சம் கோபப்பட்டார். பிறகு, "என் வேலை போயிருமாம்மா?" என்றார்.

ஒரு மாதமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இவர் எனக்கு டீ கொண்டுவந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு நுரை.

அந்தத் தாளில் மேடத்தின் கையெழுத்தும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "யார் அவரை வேலைய விட்டு அனுப்புறா? நீயா நானா?" என்று கேட்டு, தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "மூணாவது நாள். அதுக்குள்ள நைட்ரஜன் சுத்தமா தீந்துருக்கும். பெருக வழியில்ல. அந்த நேரம் பாத்துச் சக்கரை வந்து விழுந்தா எண்ணெயாத்தான் மாத்தும். நாம எல்லாச் சக்கரையையும் மொத நாளே கொட்டிட்டோம்." கூடையில் கிடந்த தாளைப் பார்த்துவிட்டு, "இது நமக்குத் தோணியிருக்கணும்" என்றார்.

டிசம்பர் 10, செவ்வாய்

முதல் தொகுதி ஏற்றியாகிவிட்டது. நாளையும் மறுநாளும் மற்ற இரண்டு. கல்கண்டு வாங்க அண்ணாச்சியே டவுனுக்குப் போனார். அன்றைக்கு வாங்கின கடையில்தான் வாங்குவேன் என்று பிடிவாதம்.

டிசம்பர் 14, சனி

நேற்று முதல் தொகுதிக்கு ஒன்பதரைக்குக் கல்கண்டு. அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. இன்று இரண்டாம் தொகுதிக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முடிவது ஒன்பதே முக்காலுக்கு. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை.

"முக்கா மணி நேரம் பொறுத்துப் போடுங்க" என்று கெஞ்சினார்.

"மாத்த முடியாது அண்ணாச்சி."

"நான் போட மாட்டேன். நீங்களே போட்டுக்கிடுங்க." சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான்தான் போட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

60. 61. 59. ராகு காலத்தில் போட்டதுதான் 61. அண்ணாச்சி அரை நாள் யாரிடமும் பேசவில்லை. மேடம் ஆய்வகத்தின் நடுவில் நின்று கைதட்டினார், ஒரே ஒரு தடவை.

டிசம்பர் 28, சனி

எட்டு நாளாக எழுத்து. செய்முறை அத்தியாயத்தில் மேடம் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார். "மொத மொத இத எப்பிடிக் கண்டுபிடிச்சன்னு தேர்வாளர் கேப்பார். அந்த எறும்ப எங்க எழுதியிருக்க?"

"என் டைரில மேடம்."

"பதிவேட்டுல?"

"நீங்கதான் எண்ணு மட்டும்..."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப டைரிதான் மூல ஆவணம். இணைப்பு மூணுன்னு போட்டு, முழுசா உள்ள வையி. ஒரு பக்கம் கிழியக் கூடாது. நாளைக்கு எங்கிட்ட குடு, நான் பாக்கணும்."

இதில் நான் என்னென்ன எழுதித் தொலைத்திருக்கிறேன் என்று எனக்குத்தானே தெரியும்.

டிசம்பர் 31, செவ்வாய்

நோட்டு நேற்றுச் சாயங்காலம் திரும்பி வந்தது, சிவப்புப் பேனாவோடு. 'இந்த அம்மாவுக்கு இதயமே கிடையாது' என்ற வரிக்குப் பக்கத்தில்: "ஆதாரம்?" என் எடைக்குப் பக்கத்தில்: "அளவீட்டுக் கருவி எது?" அக்டோபர் 31க்கும் நவம்பர் 26க்கும் பக்கத்தில் ஒரே குறிப்பு: "இந்த இடங்களில் குளோரோஃபார்ம் பயன்படுத்தப்படவில்லை. சரிபார்த்துத் திருத்தவும்." கடைசிப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு டப்பாவின் படத்தை வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார். மேசையில் நிஜ டப்பா இருந்தது. உள்ளே அவித்த முட்டை ஆறு.

காலை பதினொன்றரைக்கு ஆய்வேட்டைக் கொடுத்து முத்திரை வாங்கினோம். மாசானமுத்து அண்ணாச்சி சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். 'கண்டறிந்தவர்: சே. மாசானமுத்து, ஆய்வக உதவியாளர்' என்று இருபத்தெட்டாம் பக்கத்தில் இருப்பதை அவருக்குக் காட்டினேன். விரலை வைத்து இரண்டு முறை படித்தார்.

"ராகு காலத்துல போட்டதையும் எழுதிட்டியளா?"

"எழுதிட்டேன்."

"அத எழுதாம விட்டுருக்கலாம் டாக்டரம்மா."

இன்றைக்கு நான் அவரைத் திருத்தவில்லை.

நேற்றிரவு எழுதி ஆய்வேட்டோடு சேர்த்த தாளின் நகல் இது.

மதிப்பிற்குரிய தேர்வாளரின் பார்வைக்கு, இணைப்பு மூன்றில் பிழைதிருத்தம்:

பக்கம் 1: '71 கிலோ' என்பதை '76 கிலோ' என்று வாசிக்கவும். அன்றைக்கும் 76தான்.

பக்கம் 4: 'எந்த மகராசன்' என்பவர் யார் என்று பிறகு தெரியவந்தது. அவர் தின்னவில்லை.

பக்கம் 23: மேடம் பற்றிய வரிக்கு ஆதாரம் இல்லை. திரும்பப் பெறுகிறேன்.

பக்கம் 10, அக்டோபர் 28: அன்று குளோரோஃபார்ம் இருந்தது உண்மை. ஆனால் கண்ணில் படவில்லை.

பக்கம் 10, 11, 23: 'குளோரோஃபார்ம்' என்று வரும் இடங்களில் 'அழுதேன்' என்று வாசிக்கவும்.

செ. செண்பகவல்லி